இறக்கத்தின் அடியில் நிற்பவர்கள்

மே 6

கல்லுக்கு,

போனைப் பாதியில் வைத்தது கோபத்தால் என்று நினைத்திருப்பாய். பாதி கோபம்தான். மீதி, உன் அம்மா அறைக்குள் வந்துவிட்டார்கள். அத்தை எதிரில் உன்னை 'நீங்க' என்று கூப்பிட்டுக்கொண்டே சண்டை போட எனக்கு வருவதில்லை. "நீங்க வாக்குத் தவறிட்டீங்க" என்று மரியாதையோடு சொன்னால் அது திட்டு மாதிரியா இருக்கிறது? விருது கொடுக்கிற மாதிரி இருக்கிறது. இப்போது அவர்கள் மாடியில் துணி காயப்போடுகிறார்கள். பாப்பா தூங்குகிறாள். அதனால் நீ. வெறும் நீ.

சைக்கிள் பந்தயம் முடியும்வரை போன் வேண்டாம். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அழுகை முந்திக்கொள்கிறது. உங்கள் அணியின் சக்கர வண்டி ஓட்டுகிற அண்ணன் சில நாளுக்கு ஒருமுறை நம் ஊர்ப் பட்டறைக்கு வந்து, சரிசெய்த சக்கரங்களை ஏற்றிக்கொண்டு உங்களிடம் திரும்புகிறாரே, அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். "என்னம்மா, காதல் கடிதமா?" என்றார். "இல்லண்ணே, மெமோ" என்றேன். பயந்துபோய் வாங்கி உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

நான் உன்னிடம் வாக்குக் கேட்கவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? பாப்பா பிறந்த அன்று உன் வலது தோள் கட்டுக்குள் இருந்தது. நர்ஸ் அவளை உன் இடது கையில் வைத்து, "பார்த்து, பார்த்து" என்றாள். நீ அவளைப் பார்த்துக்கொண்டே, யாரும் கேட்காமல், "இனிமே இறக்கத்துல முன்னால போகமாட்டேன்" என்றாய். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் சொன்னாய். நான் சாட்சி மட்டும்தான்.

இப்போது கடைசி வாரத்து மலை நாளில், உங்கள் அணித் தலைவன் ஒட்டகத்துக்கு முன்னால் நீ இறங்கவேண்டும் என்று மேலாளர் திட்டம் போட்டிருக்கிறார். நீயும் சரி என்றுவிட்டு, வானிலை சொல்வது போல எனக்குச் சொல்கிறாய்.

போன வருடம் நீ விழுந்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தடுப்புச் சுவர், அதன் மேல் கவிழ்ந்து கிடந்த சைக்கிள், சுற்றிக்கொண்டே இருந்த ஒரு சக்கரம். அதற்குள் கேமரா முன்னால் போய்விட்டது. பந்தயம் முன்னால்தானே இருக்கிறது! வர்ணனையாளர் இருவரும் யார் எத்தனை விநாடி முன்னிலை என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிவி பக்கத்தில் போய் நின்றேன், ஓரமாக எட்டிப் பார்த்தால் பின்னால் கிடக்கிற நீ தெரிவாய் என்பது போல. மேலாளர் போன் செய்து, "தோள் எலும்புதாம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லும்வரை இந்த வீட்டில் ஒரு பொருள்கூட மூச்சு விடவில்லை.

வேற ஒண்ணுமில்லையாம்.

கடிகாரம்


மே 9

என் கடிகாரத்துக்கு,

மெமோ கிடைத்தது. அண்ணன் அதை நீட்டிய விதத்தைப் பார்த்து மெக்கானிக்குகள் எல்லாம் எனக்கு வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் வானிலை சொல்வது போலச் சொன்னேன் என்கிறாய். வேறு எப்படிச் சொல்வது? பயந்துகொண்டே சொன்னால் நீயும் பயப்படுவாய் என்று நினைத்தேன். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்போதும் தப்பாகத்தான் வரும்.

திட்டத்தை முழுதாகச் சொல்கிறேன். சொல்லாமல் விட்டதுதான் என் தப்பு என்று தோன்றுகிறது. அன்று மூன்று மலை. முதலிடத்தில் இருக்கிற நெட்டையை ஏற்றத்தில் அசைக்க முடியாது, லிப்ட்டில் போகிறவன் மாதிரி ஏறுகிறான். ஆனால் இறக்கம் என்றால், குளிருக்குப் பயந்தவன் ஆற்றில் இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு வளைவிலும் காலை நனைத்துப் பார்த்துத்தான் இறங்குவான். அவனை விட்டுப் பிரியவேண்டும் என்றால் இரண்டாவது மலையின் இறக்கம் ஒன்றுதான் இடம். நான் முன்னால், என் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஒட்டகம். அடியில் நீளமான பள்ளத்தாக்கு, முகத்தில் அறைகிற எதிர்காற்று. அங்கே தனியாக மாட்டினால் எவ்வளவு பெரிய ஆளையும் பின்னால் வரும் கூட்டம் விழுங்கிவிடும். அதனால் அங்கேயும் ஒட்டகத்துக்கு முன்னால் நான் காற்றை வாங்கிக்கொண்டு இழுக்கவேண்டும். அதற்கு மேல் கடைசி ஏற்றம், அது அவன் பாடு.

மற்றவர்களை அனுப்பலாமே என்பாய். இந்த அணியில் இறங்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். கல்லு என்று பெயர் வந்ததே மலையிலிருந்து உருளுவதால்தானே. உருளாத கல்லை வைத்து என்ன செய்வார்கள், வாசற்படியா போடுவார்கள்?

நேற்று பயிற்சி முடிந்து வரும்போது ஒரு பம்ப் ஹவுஸைப் பார்த்தேன். நம் மேட்டின் அடியில் இருப்பதைப் போலவே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். உடனே நீ தெரிந்தாய். கல்லூரி விளையாட்டு அறையிலிருந்து கடன் வாங்கிய ஸ்டாப்வாட்ச் கையில், புள்ளியியல் புத்தகம் மடியில். அந்த மேட்டில் நான் ஏறுவதைப் பார்க்க நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். இறங்குவதைப் பார்க்க வந்தவள் நீ ஒருத்திதான். எவ்வளவு வேகமாக வந்து நின்றாலும் நீ கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன்டா இவ்வளவு நேரம்?" நேரம் உன் கையிலேயே இருக்கும்! என் வாழ்க்கையிலேயே வேகமாக இறங்கிய நாளிலும் அதையே கேட்டாய். நான் சிரித்துச் சிரித்து விலா நொந்து போனேன். உன்னை மாதிரி நக்கல் பிடித்தவளை விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

வாக்கை நான் மறக்கவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கல்லு


மே 12

கல்லுக்கு,

பம்ப் ஹவுஸைக் காட்டி என்னை இளக்கப் பார்க்கிறாய். இளகினேன், போதுமா? இளகிய பிறகும் பயம் அப்படியே இருக்கிறது. வெண்ணெய்க்குள் கல் மாதிரி.

உன் மகளுக்கு இப்போது தவழுகிற வேகம் வந்துவிட்டது. கட்டிலில் விட்டால் நேராக விளிம்புக்குப் போய், தலையைக் கீழே விட்டு இறங்கப் பார்க்கிறாள். காலை முதலில் விடு என்று திருப்பித் திருப்பி வைக்கிறேன். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தலை. அத்தை சொல்கிறார்கள், "அப்பன் புத்தி, எங்க போகும்?" இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நான் கவனித்தேன்.

முதல் இரண்டு நாள் கட்டில் மேலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துப் பிடித்து இழுத்தேன். முடியவில்லை. அவள் போகிற வேகத்துக்கு நானும் விளிம்பில் போய்த் தொங்க வேண்டியிருக்கிறது. இன்று காலையில் கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் வந்தாள், விழுந்தாள், மடியில் விழுந்தாள், சிரித்தாள். அவ்வளவுதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துதான் உன் வழித்தடப் புத்தகத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். (இரண்டாவது மலையின் உச்சியைப் பாப்பா மென்றுவிட்டாள். எனக்குச் சம்மதம்தான்.) அப்போது தோன்றியது. கிறுக்குத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டு மறந்துவிடு.

நீ ஒட்டகத்தோடு உச்சியில் இருந்தால்தானே அவனோடு பாய்ந்து இறங்க வேண்டும்? முன்னமே கீழே போய்விட்டால் என்ன? காலையில் பந்தயம் தொடங்கியதும் சிலபேர் முன்னால் தப்பித்து ஓடுவார்கள் இல்லையா, பெரிய கூட்டம் அவர்களைக் கொஞ்ச நேரம் போகவிடுமே. நீயும் அவர்களோடு ஓடிவிடு. மொத்தத் தரவரிசையில் நீ எங்கோ அடியில் இருக்கிறாய், (கோபப்படாதே, உண்மைதானே,) உன்னை யாரும் துரத்தமாட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் இரண்டாவது மலையைத் தாண்டு. உன் வேகத்தில், பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு இறங்கு. பள்ளத்தாக்கில் நின்று மூச்சு வாங்கிக்கொள். ஒட்டகம் உச்சியில் நெட்டையை உதறிவிட்டுத் தனியாக வந்து சேரட்டும். எதிர்காற்று தொடங்குகிற இடத்தில் புது ஆளாக நீ நிற்பாய்.

புள்ளியியல் படித்ததற்கு இவ்வளவுதான் முடிந்தது.

எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது: ஒட்டகத்துக்கும் ஒரு அம்மா இருப்பார்கள். உன்னைக் கீழே இறக்கிவிட்டு அவனை மேலே விட்டிருக்கிறேன். இதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை. நான் எவ்வளவு நல்லவள் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடிகாரம்


மே 16

என் கடிகாரத்துக்கு,

சிரிக்கவில்லை. மூன்று முறை படித்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மேலாளரிடம் போனேன். உப்புச் சப்பில்லாத சோறு, அதனால் பெரிய தியாகம் இல்லை.

முதலில் திட்டத்தை மட்டும் சொன்னேன். மனுஷன் முகம் கொடுக்கவில்லை. "நல்லா இறங்குறவனை முன்னாடியே அனுப்பிட்டு, இறங்குற இடத்துல அவனை வேணாம்னு சொல்றியா? பலே." அப்புறம் வாக்கைச் சொன்னேன். சொல்லும்போது காது சூடாகிவிட்டது. மேசையில் ஒரு மெக்கானிக் இருமுகிற சாக்கில் சிரித்தான்.

மேலாளர் நாப்கினில் மூன்று மலை வரைந்தார். கிறுக்கினார். திருப்பி வைத்துப் பார்த்தார்.

"இது உன் மூளை இல்லையே. யாரு?"

"வீட்டுல."

"அப்ப அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்து வண்டில உட்கார வை. நீ வீட்டுல போய்ப் புள்ளையப் பாரு."

அதாவது சரி என்று அர்த்தம். ஆனால் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார்: "முன்னால இருக்கிறவனுக்கு ஆசை வரும்டா. இன்னிக்கு நாமளே ஜெயிச்சா என்னன்னு தோணும். அடியில நில்லுன்னா நிக்கணும். கால் தரையில படணும்."

ஒட்டகத்தின் அம்மாவைப் பற்றி நீ எழுதியதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவன், "எங்க அம்மா மலை நாள்ல டிவியே போடமாட்டாங்க. பக்கத்து வீட்டுல போய் உட்கார்ந்துப்பாங்க, அவங்க வந்து சொல்லுவாங்க" என்றான். பாவம், இரவெல்லாம் தண்ணீர் குடித்தான். தண்ணீரே தொடாத ஒட்டகம் தண்ணீர் குடித்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

ஓய்வு நாளில் இரண்டு பேரும் அந்த இறக்கத்துக்குக் காரில் போனோம். வளைவு வளைவாக இறங்கி நடந்து காட்டினேன். பாதியில் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது, சட்டென்று எதிரில் வந்து நிற்கும். "சுவரைப் பார்க்காத. பார்த்தா அதுகிட்டதான் போவ. அது தாண்டி ரோடு எங்க வெளிய வருதோ, அங்க கண்ணை வை" என்றேன். பத்து வருடமாகக் கையில் வைத்திருந்ததை ஒரு மதியத்தில் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது காரில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

இனிமேல் இறங்குபவன் அவன். அப்படியென்றால் நான் யார் என்று பாப்பாவிடம் கேட்டுச் சொல்.

கல்லு


மே 20

கல்லுக்கு,

இப்போதுதான் டிவியை அணைத்தேன். நீ இன்னும் மசாஜ் மேசையில் கிடப்பாய். நாளைக் காலை அண்ணன் வரும்போது கொடுக்கவேண்டும் என்று எழுதுகிறேன், ஆனால் நாளை வரை வைத்திருந்தால் நியாயமாக யோசித்து மாற்றி எழுதிவிடுவேன். அதனால் இப்போதே.

நீங்கள் ஐந்து பேர் இரண்டாவது மலையைத் தாண்டினீர்கள். வர்ணனையாளர் குரல் துள்ளியது: "இதோ, இனி கல்லுவின் நேரம்! மற்ற நால்வரும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொள்ளலாம்!" அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நீ முதல் வளைவில் பிரேக் பிடித்தாய். எனக்குத் தெரிந்தது. உன் முழங்கை விரிகிற விதத்திலேயே எனக்குத் தெரியும். இரண்டாவது வளைவில் ஒருவன் உன்னைத் தாண்டிப்போனான். திரும்பி ஏதோ சொன்னான், சிரித்தான். அப்புறம் இன்னொருவன். நீ ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாய்.

"என்னடி இவன், முட்டைக் கூடை சுமக்கிறவன் மாதிரி இறங்குறான்?" என்றார்கள் அத்தை.

"நான்தான் சொன்னேன் அத்தை."

என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். "நானும் சொல்லிருக்கேன். நான் சொல்லி அவன் கேட்கலை" என்றார்கள். எழுந்து போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டார்கள்.

மகிழ்ச்சியாக இருந்திருக்கவேண்டும் எனக்கு. அழுதேன்டா. பம்ப் ஹவுஸ் சுவரில் உட்கார்ந்து நான் பார்த்த பையன் பிரேக் பிடிக்கத் தெரியாதவன். கடைசி வளைவில் சாய்ந்து வரும்போது அவன் முட்டி தார்ச்சாலையைத் தொட்டுவிடும் போல இருக்கும். அவனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். இன்று அவனை நானே ஓரமாக ஒதுங்கச் சொல்லிவிட்டு, ஊரே பார்க்க ஒருவன் அவனைக் கேலி செய்துகொண்டு போவதைப் பார்த்தேன். கேட்டது கிடைத்தது. கிடைத்ததும் கை கனக்கிறது.

அப்புறம் பள்ளத்தாக்கில் நீ நின்றாய். முன்னால் போனவர்கள் இன்னும் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தார்கள். நீ போயிருந்தால் பிடித்திருப்பாய், எனக்குத் தெரியும், இன்று உன் கால் அப்படி இருந்தது. ஆனால் சாலையோரம் ஒரு காலை ஊன்றி, திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கேமரா வழக்கம் போல உன்னை விட்டுவிட்டு முன்னால் போனது.

இந்த முறை எனக்குப் பயமாக இல்லை. படத்தில் இல்லாவிட்டாலும் நீ எங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

கடைசி ஏற்றத்தில் ஒட்டகம் எல்லாரையும் விழுங்கிவிட்டு இன்றைய நாளை ஜெயித்ததை ஊரெல்லாம் பேசும். நெட்டை மொத்தத் தரவரிசையில் முதலிடத்தைக் காப்பாற்றிக்கொண்டது எனக்குக்கூட வருத்தம்தான். அவ்வளவு நெருக்கத்தில்! ஆனால் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்று டிவி சரியாகக் காட்டவே இல்லை. விளம்பரம் போட்டார்கள். முடிந்து பார்த்தால் நீ அவனை இழுத்துக்கொண்டு வருகிறாய், அவன் கால்சட்டை கிழிந்திருக்கிறது. என்ன ஆயிற்று?

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் நம் மேட்டுக்குப் போவோம். எனக்காக ஒருமுறை இறங்கு. பிரேக் உன் இஷ்டம். நான் எதுவும் சொல்லமாட்டேன், கண்ணை மட்டும் மூடிக்கொள்வேன்.

பாப்பா இன்று கட்டிலிலிருந்து காலை முதலில் விட்டு இறங்கினாள். யாரும் பார்க்காதபோது. இறங்கி நின்று, எங்களைத் தேடினாள்.

கடிகாரம்


மே 20

என் கடிகாரத்துக்கு,

உன் கடிதம் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். உன்னுடையதைப் படித்தால் அதற்குப் பதில் எழுதுவேன், இது விட்டுப்போகும்.

என்னைத் தாண்டிப்போனவன் என்ன சொன்னான் தெரியுமா? "கல்லு, உருள மறந்துட்டியா?" எனக்குச் சுருக்கென்றது. கை பிரேக்கை விட்டுவிட்டது. ஒரு வளைவு, ஒரே ஒரு வளைவு, பழைய மாதிரி விட்டேன். சொல்லிவிடுகிறேன், நீ டிவியில் பார்த்திருக்கலாம். அடுத்த வளைவில் தானாகவே விரல் மூடிக்கொண்டது. என்னை யாரும் தடுக்கவில்லை. இடது கை கனத்தது, அவ்வளவுதான், ஏதோ தூக்கிக்கொண்டு இறங்குவது போல.

அடியில் கால் ஊன்றினேன். ஆசை வரத்தான் செய்தது. முன்னால் போகிறவர்களின் ஜெர்சி நிறம்கூடத் தெரிகிறது. மேலாளர் சொன்னது சரி. அப்போது மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அதற்கப்புறம் முன்னால் பார்க்கவே இல்லை.

மலைக்கு நடுவில் மாட்டினால் காதில் ரேடியோ வெறும் இரைச்சல். ஒட்டகம் உச்சியைத் தாண்டிவிட்டான் என்பதுதான் கடைசியாகக் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. கீழேயிருந்து பார்த்தால் அந்தச் சாலை மலை மேல் நூல் கண்டு பிரிந்து கிடப்பது போலத் தெரிகிறது. வெள்ளைச் சுவர் ஒரு நகக்கண் அளவு. இந்நேரம் அவன் அங்கே வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அந்த இறக்கத்தில் எனக்குத் தெரியாத நேரமா? வரவில்லை. சுவர் சும்மா வெயிலில் நிற்கிறது. 'சுவரைப் பார்க்காதே' என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கு அந்தச் சுவரே ஞாபகம் வந்திருக்காதோ என்று தோன்றியது. அவன் அம்மா பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. கையுறையைக் கழற்றினேன், மாட்டினேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், குடிக்கவில்லை. சாலையோரம் கொடி பிடித்து நின்ற ஒரு பெரியவர், "என்ன தம்பி, சைக்கிள் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். நான் மலைப் பக்கம் கையை நீட்டினேன்.

பத்து வருடமாக நான் இறங்கி வந்திருக்கிறேன். இறங்குகிறவனுக்கு நேரமே தெரியாது கடிகாரம். வளைவு, வளைவு, வளைவு, முடிந்துவிடும். அடியில் நிற்பவருக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ ஒரு பக்கமாவது படித்திருப்பாயா?

கடைசியில் சுவருக்குக் கீழே ஒரு புள்ளி நகர்ந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. அவன்தான். சுவருக்கு முன்னால் சறுக்கி, இடுப்பில் உரசி, எழுந்து வந்திருக்கிறான். கால்சட்டை கிழிசல், முகத்தில் பல் தெரிகிற சிரிப்பு. அவனைப் பொறுத்தவரை ஒரு சின்னச் சறுக்கல், கொஞ்சம் தாமதம். நெட்டை இன்னும் மேலே எங்கோ காலை நனைத்துக்கொண்டிருக்கிறான். எல்லாம் திட்டப்படிதான்.

என்னவெல்லாமோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். பின்னால் ஒட்டிக்கோ, காற்று இடப்பக்கம், எதையாவது தின்னு. அவன் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தபோது, பெடலை மிதித்துக்கொண்டே நான் வாயைத் திறந்தேன். வந்தது என் வார்த்தையே இல்லை.

"ஏன்டா இவ்வளவு நேரம்?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நக்கல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

கல்லு